தொலைக்காட்சி காட்டும் வானத்தை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் மகளுக்கு 11 வயது. விண்வெளித் தொடர்கள், கோள்களைப் பற்றிய ஆவணப்படங்கள் என்று எது வந்தாலும் விடாமல் பார்க்கிறாள். “இதெல்லாம் நிஜமாப்பா?” என்று அவள் கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை, இவற்றில் வரும் வானியல் எந்த அளவுக்குச் சரி, நம்பிப் பார்க்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக விடுங்கள். வானத்தின் பக்கம் பலரைத் திருப்பிவிட்டது தொலைக்காட்சிதான். நானும் திரையில் சனிக்கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டு, அதை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று தொலைநோக்கி வாங்கியவன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு விடுங்கள். இந்த நிகழ்ச்சிகளில் காதில் விழுவது பெரும்பாலும் சரியாக இருக்கும். கண்ணில் படுவதில்தான் தவறு அதிகம்.

வசனத்தைச் சரிபார்க்க இன்று ஆள் இருக்கிறார்கள். ‘தி பிக் பாங் தியரி’ தொடருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பர்க் ஆலோசகராக இருந்தார். 2004இல் தொடராக வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வுக்கு ஆலோசனை சொன்ன கெவின் கிரேசியர், சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத் திட்டத்தில் பணியாற்றியவர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்து, பிறகு ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரைத் தலைமையேற்று நடத்திய நரேன் சங்கர், பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகமே 2008இல் திரைத்துறையினரையும் அறிவியலாளர்களையும் சேர்த்துவைக்க ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஆகவே ஒரு பாத்திரம் ஒரு விண்மீனின் பெயரையோ தொலைவையோ சொன்னால் அது அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனால் ஆலோசகர் கைக்குப் போவது கதைப்பிரதி. படம் அதற்குப் பிறகு, வேறு கைகளில், “பார்க்க நன்றாக இருக்க வேண்டும்” என்ற ஒரே கட்டளையோடு உருவாகிறது. விண்வெளியை உள்ளபடி காட்டினால் திரை முழுக்கக் கறுப்பாகத்தான் இருக்கும். அதைச் சகித்துக்கொள்ளத் தொலைக்காட்சிக்குத் தெரியவில்லை.

சிறுகோள் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் சுற்றும் பகுதி. திரையில் அது எப்போதும் கல் உருளும் மலைச்சரிவு மாதிரி இருக்கும். விண்கலம் வளைந்து நெளிந்து தப்பிக்கும், துரத்தி வந்தவன் பாறையில் மோதிச் சிதறுவான். கற்பனைத் தொடர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் 2014இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்கிய ‘காஸ்மோஸ்’ ஆவணத்தொடரின் முதல் பகுதியே அப்படித்தான் காட்டியது. வழங்குபவர் வானியற்பியலாளர், சொல்லும் சொற்களில் அவ்வளவு கவனம். படத்தில் மட்டும் பாறைகள் முட்டிமோதிக்கொண்டு போகின்றன.

உண்மையில் அந்தப் பட்டையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பாறைகள் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகம். ஆனால் அவை பரவிக்கிடக்கும் இடம் அவ்வளவு பெரிது. ஒன்றின் மேல் நின்று பார்த்தால் அடுத்தது சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கும். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப்போல் இரண்டரை மடங்கு அது. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி தெரிந்தால் பெரிது. பட்டையிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து உருட்டினாலும் நிலவின் எடையில் நூற்றில் நான்கு பங்கைத் தாண்டாது, அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் என்ற ஒற்றைக் குறுங்கோளிடம் இருக்கிறது. 1972இல் பயனியர் 10 முதன்முதலில் அதற்குள் நுழைந்தபோது உண்மையாகவே கவலை இருந்தது. அது ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது. அதன்பின் வாயேஜர்கள், கலிலியோ, காசினி, நியூ ஹொரைசன்ஸ், ஜூனோ என்று எத்தனையோ கலங்கள் கடந்து போய்விட்டன, எதுவும் மோதவில்லை. ஒரு சிறுகோளைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று கணக்குப் போட்டுப் பாதையைத் திருப்ப வேண்டும். 1991இல் கலிலியோ காஸ்பிராவை அப்படித்தான் போய்ப் பார்த்தது.

2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டிமார்போஸ் என்ற சிறுகோளின்மேல் வேண்டுமென்றே மோதியது. அந்தக் காட்சி நேரலையாக வந்தது, அவளுக்கு அதைப் போட்டுக்காட்டுங்கள். வினாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்தின் கண்ணுக்கு, கடைசி ஒரு மணி நேரம் வரை அந்த 160 மீட்டர் பாறை தனியாகத் தெரியவே இல்லை. பிறகு ஒரு புள்ளி. கடைசி நிமிடங்களில் அந்தப் புள்ளி பெரிதாகி, கல் கல்லாகத் தெரிந்து, திரை அப்படியே அணைந்துவிடுகிறது. எந்த நாடகத்தின் துரத்தல் காட்சியும் எனக்கு அந்தப் படபடப்பைத் தந்ததில்லை. அதில் முக்கால்வாசி கறுப்புத் திரைதான்.

இதே கதைதான் விண்கப்பலின் ஜன்னலுக்கு வெளியே விண்மீன்கள் கோடு கோடாகப் பின்னால் ஓடுவதும். இரவு ரயிலில் விளக்குகள் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்த பழக்கத்தில் நம் மனம் இதைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு விண்மீனுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 5 ஒளியாண்டு, அதாவது ஒளியே ஐந்து ஆண்டில் கடக்கும் தூரம். ஒரு விண்மீன் ஜன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு வினாடியில் கடக்க வேண்டுமானால், கப்பல் அந்த ஒரு வினாடிக்குள் அந்த அளவு தூரம் போயிருக்க வேண்டும். அதாவது ஒளியைப்போல் ஏறக்குறைய 15 கோடி மடங்கு வேகம். ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ என்று 1995 முதல் 2001 வரை ஒரு தொடர் வந்தது. வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளித் தூக்கி எறியப்பட்ட கப்பல், முழு வேகத்தில் போனாலும் திரும்பிவர 75 ஆண்டு ஆகும் என்பதுதான் அதன் ஆதாரமே. ஆனால் விண்மீன்கள் ஒரு வினாடியில் ஜன்னலைக் கடந்து ஓடும் வேகத்தில் அது போயிருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் வீடு வந்து சேர்ந்திருக்கும். வசனத்தில் வரும் 75 ஆண்டு யோசித்துப் போட்ட எண், ஜன்னல் காட்சி அந்த எண்ணை மறுக்கிறது. காதும் கண்ணும் என்று முதலில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஒளியைவிட வேகமாகப் போவதே நடக்காத காரியம் ஆயிற்றே, அதை விட்டுவிட்டு ஜன்னலைப் பிடிக்கிறாயே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கதை நிற்பதற்காக ஒரு பெரிய பொய்யை எடுத்துக்கொள்வது கதைசொல்லியின் உரிமை. அது பொய் என்று பார்ப்பவருக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. யாரும் கவனிக்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னப் பொய்தான் மனதில் உண்மையாகப் படிந்துவிடுகிறது.

பெரிய பொய்யிலும் ஒரு நன்மை உண்டு, அதைக் கணக்காக்கலாம். 1975இல் வந்த ‘ஸ்பேஸ்: 1999’ தொடரில், நிலவில் குவித்துவைத்த அணுக்கழிவு வெடித்து, நிலவே பூமியை விட்டுக் கிளம்பிப் போய்விடும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அப்போதே அதைக் கண்டித்தார். நிலவு இப்போது வினாடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, பூமியின் பிடியிலிருந்து விடுபட அது 1.4 கிலோமீட்டருக்கு மேல் ஆக வேண்டும். அந்தக் கூடுதல் வேகத்தைக் கொடுக்க, இதுவரை வெடித்ததிலேயே பெரிய அணுகுண்டான 1961ஆம் ஆண்டின் ஜார் பாம்பாவைப் போல் ஏறத்தாழ 18,000 கோடி குண்டுகளின் ஆற்றல் வேண்டும். அப்படித் தள்ளினாலும் அது சூரியனைச் சுற்றத் தொடங்குமே தவிர வேறு விண்மீனுக்குப் போகாது. வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த விண்மீனுக்குப் போக 12 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே போடலாம். இன்னும் மூன்று நான்கு வருடத்தில் அவளே போடுவாள்.

நிலவு என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. விண்கலமே வராத குடும்பத் தொடர்களிலும் துப்பறியும் தொடர்களிலும்கூட நிலவு வந்துவிடுகிறது, வருமிடத்தில் பாதிக்குப் பாதி தவறாக வருகிறது. நள்ளிரவுக் காட்சி என்பதற்கு அடையாளமாக உச்சிவானத்தில் மெல்லிய பிறையை வைக்கிறார்கள். மெல்லிய பிறை சூரியனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வளர்பிறையானால் மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும், தேய்பிறையானால் விடியலுக்கு முன் கிழக்கே எழும். நள்ளிரவில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பது முழுநிலவு. பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைத்தான் பார்த்திருக்கும், கொம்புகள் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும். மாலைக் காட்சியில் சூரியன் மறைந்த திசையை நோக்கிக் கொம்பு நீட்டிய பிறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறையின் இருண்ட பகுதிக்குள் ஒரு விண்மீன் மின்னுவது இன்னொன்று. அந்த இருட்டும் நிலவின் உடம்புதான், அதைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் விண்மீன் தெரியாது.

அளவும் அப்படியே. நிலவு வானத்தில் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் முழுநிலவு மறைந்து இன்னும் இடமிருக்கும். திரையில் அது மலையளவு எழுகிறது. தொலைவில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் கட்டடத்தின் பக்கத்தில் நிலவு பெரிதாகத் தெரியும், அது ஏமாற்று இல்லை. ஆனால் பாத்திரங்கள் பக்கத்தில் நிற்க, அவர்களுக்குப் பின்னால் வெட்டி ஒட்டிய ராட்சத நிலவு வேறு விஷயம். கிரகணக் காட்சிகளில் நாள் கணக்கே குழம்பிவிடுகிறது. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் நடக்க முடியும். பகலில் சூரிய கிரகணமும் அன்று இரவே முழுநிலவும் காட்டினால் இரண்டு வாரத்தை விழுங்கிவிட்டார்கள் என்று பொருள். சூரியன் விளக்கை அணைத்ததுபோல் ஒரு நொடியில் மறைவதும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபட்டு, கடைசியில் சில நிமிடங்கள் முழுதாக மறையும். அந்த முழு மறைவு எந்த இடத்திலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

ஒரு பின்னணிப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நிலவே உதாரணம். நிலவின் தரையில் நல்ல வெயிலில் நிற்கும் வீரரை நாடகங்களில் காட்டும்போது, தலைக்கு மேல் கறுப்பு வானம் நிறைய விண்மீன்களை வாரி இறைத்திருப்பார்கள். உண்மையான அப்போலோ படங்களில் விண்மீனே இல்லை. வெயிலில் பளீரென்று ஒளிரும் தரையையும் வெள்ளை உடையையும் எடுக்கக் கேமராவின் கண் மிகக் குறைந்த நேரமே திறந்து மூடுகிறது, மங்கலான விண்மீன்கள் பதிய அந்த நேரம் போதாது. இரவில் பளிச்சென்ற மின்விளக்குகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்தாலும் வானம் வெறும் கறுப்பாகத்தான் வரும். ஆனால் 2001இல் பாக்ஸ் தொலைக்காட்சி, மனிதன் நிலவுக்குப் போனதே பொய்யோ என்று கேட்கும் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் முன்வைத்த ‘ஆதாரங்களில்’ ஒன்று, படங்களில் விண்மீன்கள் இல்லை என்பது. பார்த்தவர்களில் பலருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. நாடகங்கள் அத்தனை ஆண்டுகளாக விண்மீனோடு காட்டிக் கண்ணைப் பழக்கிவைத்திருந்தன. பழகிய பொய்யோடு ஒத்துப்போகாததால் உண்மைப் படம் சந்தேகத்துக்கு ஆளானது. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்பதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒலி பரவக் காற்று வேண்டும், அங்கே இல்லை. 2002இல் வந்த ‘ஃபயர்ஃப்ளை’ தொடர் வெளிக்காட்சிகளை ஓசையில்லாமலே காட்டியது, அந்த நிசப்தம் நன்றாகவும் இருந்தது.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ஒருமுறை குளிர்கால இரவொன்றில் சில பிள்ளைகளுக்கு ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் காட்டினேன். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். ஒரு பையன் கண்ணை எடுத்துவிட்டு, “கலர் எங்கே அங்கிள்?” என்று கேட்டான். குரலில் அப்படி ஓர் ஏமாற்றம். மங்கலான ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் திறன் போய்விடும், அதனால் அது சாம்பல் நிறப் புகையாகவே தெரிந்தது. அவன் திரையில் பார்த்திருந்தது செக்கச்செவேலென்ற, ஊதா கலந்த, உள்ளே கப்பல் புகுந்து ஒளிந்துகொள்ளும் அடர்ந்த மேகம்.

விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் பொய் அல்ல, ஆனால் அவை ஒரு மொழிபெயர்ப்பு. 1995இல் ஹபிள் எடுத்த, ‘படைப்பின் தூண்கள்’ என்று புகழ்பெற்ற படத்தில் கந்தகம் விடும் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்திருந்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரிவதற்கான ஏற்பாடு அது. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும், பெரும்பாலான நிகழ்ச்சிகள் சொல்வதில்லை. மேகத்துக்குள் ஒளிவதும் நடக்காது. பளிச்சென்று தெரியும் நெபுலாக்களில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் அணுக்கள் இருந்தால் அதிகம், நாம் மூச்சுவிடும் காற்றிலோ அதே இடத்தில் 2க்குப் பின் 19 சுழி போட்ட அளவு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சி எடுத்து உண்டாக்கும் நல்ல வெற்றிடத்தைவிடவும் காலியானது நெபுலா. பல ஒளியாண்டு தடிமன் இருப்பதால் மட்டுமே தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு மேகமாகத் தெரிகிறது. உள்ளே போய்விட்டால் சுற்றிலும் சாதாரண இரவு வானம்தான்.

அன்று அந்தப் பையனிடம் நான் நிறத்தைப் பற்றி எதுவும் விளக்கவில்லை. “நீ பார்க்கிற வெளிச்சம் 1,300 வருஷமாப் பயணம் பண்ணி இப்பதான் உன் கண்ணுக்குள்ள வந்து விழுந்தது. டிவியில பார்த்தது டிவி வெளிச்சம்” என்றேன். மறுபடி வரிசையில் போய் நின்றான்.

ஆவணப்படங்களுக்கு வருகிறேன். நாடகத்தைவிட அவற்றைத்தான் நான் கடுமையாகப் பார்ப்பேன். நாடகத்தைப் பார்க்கும்போது நம் மனதில் ஒரு காவலாளி விழித்திருக்கிறான், ஆவணப்படம் என்றதும் அவன் தூங்கப் போய்விடுகிறான். கருந்துளையை எல்லாவற்றையும் இழுத்து விழுங்கும் சுழலாகவே காட்டுகிறார்கள். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும், பூமி இப்போது சுற்றும் அதே பாதையில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். குளிரும் இருட்டும் வரும், ஆனால் உள்ளே இழுபட மாட்டோம். 2012 டிசம்பரில் உலகம் அழியும், ஒரு மறைவான கோள் வந்து மோதும் என்று பரபரப்பைக் கிளப்பிய நிகழ்ச்சிகளும் உண்டு. அப்படி ஒரு கோள் வந்துகொண்டிருந்தால் பல மாதங்களுக்கு முன்பே வெறுங்கண்ணுக்குத் தெரிந்திருக்கும், உலகெங்கும் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் லட்சம் பேரிடமிருந்து யாராலும் மறைத்திருக்க முடியாது.

தமிழில் குரல் மாற்றி வரும்போது இன்னொரு அடுக்குத் தவறு சேர்ந்துகொள்கிறது. பில்லியன் என்பது 100 கோடி, அது சில இடங்களில் வெறும் கோடியாகிவிடுகிறது. அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்பது அப்போது 14 கோடிக்கும் கீழே போய்விடும், டைனோசர்கள் அண்டத்துக்கே முந்தியவை ஆகிவிடும். ஒளியாண்டு என்பது தூரம், அதைக் காலம்போல் “பல ஒளியாண்டுகளுக்கு முன்பு” என்று பேசுகிறார்கள். சிறுகோள், எரிமீன், வால்மீன் எல்லாவற்றுக்கும் ‘விண்கல்’ என்ற ஒரே சொல். நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும்போதே இப்படி நடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இவையெல்லாம் வெறும் தகவல் பிழை என்று ஒதுக்கவும் முடியாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் 20 மீட்டர் அளவுள்ள ஒரு பாறை, வினாடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வளிமண்டலத்தில் வெடித்தது. கண்ணைக் கூசும் ஒளி. சத்தம் உடனே வரவில்லை. என்ன அது என்று ஜன்னலருகே போய் நின்று பார்த்தவர்கள் பலர். ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கழிந்த பிறகு அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். வெளிச்சமும் சத்தமும் ஒரே நொடியில் வரும் என்றுதான் எத்தனையோ வெடிப்புக் காட்சிகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. வானத்தில் பெரிய ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகு என்பதை உங்கள் மகளுக்கு இன்றே சொல்லிவைக்கலாம்.

நன்றாகச் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரில் கப்பல் முடுக்கும்போதுதான் தரையில் எடை உண்டு, பாதி வழியில் திரும்பி நின்று எதிர்த்திசையில் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைப்பார்கள். படத்தையும் இயற்பியலோடு ஒத்துப்போகச் செய்த அரிதான முயற்சி. அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சீரிஸைப் பம்பரமாகச் சுழற்றி உள்ளே செயற்கை ஈர்ப்பை உண்டாக்கியதாகக் கதை. சீரிஸின் சொந்த ஈர்ப்பு பூமியில் நூற்றில் மூன்று பங்கு. அதைப்போல் பத்து மடங்கு விசையில் வெளியே தள்ளும் அளவுக்கு, 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று சுழற்றினால், பனியும் களிமண்ணும் உப்புமாக உள்ள அந்த உருண்டை பிய்ந்து சிதறிவிடும். ஆனாலும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட நம்மை இழுக்கும் தவறு, நல்ல தவறு.

எனக்கு மிகவும் பிடித்த வானியல் காட்சி வந்தது ஒரு நகைச்சுவைத் தொடரில். ‘தி பிக் பாங் தியரி’யின் மூன்றாம் பருவ இறுதியில், நண்பர்கள் மொட்டைமாடியிலிருந்து நிலவுக்கு லேசர் ஒளியை அனுப்புகிறார்கள். அப்போலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் பட்டு அது திரும்பி வருகிறது. கணினித் திரையில் ஒரு கோடு எழுந்து தணிகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பெரிய ஏமாற்றம், இந்த ஒரு கோட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று. மாடியில் வைக்கும் கருவியால் அது நடக்காது. மூன்றரை மீட்டர் தொலைநோக்கி வைத்து இதைச் செய்யும் ஆராய்ச்சியாளர்களுக்கே, அனுப்பும் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள 1க்குப் பின் 17 சுழி போட்ட அளவு ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒன்றுதான் திரும்பி வருகிறது. அந்த ஒன்றிரண்டை எண்ணித்தான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்று சொல்கிறோம். கருவியின் அளவைத் தவறாகக் காட்டினாலும், அறிவியல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை அந்தக் காட்சி சரியாகக் காட்டிவிட்டது. 2017இல் அறிவித்த ட்ராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களை நீலக்கடலும் செம்மலையுமாக எத்தனையோ நிகழ்ச்சிகள் காட்டின. அவை ஓவியர் வரைந்தவை. வானியலாளர்கள் உண்மையில் பார்த்தது, 40 ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு மங்கலான விண்மீனின் வெளிச்சம் அவ்வப்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் குறைந்து மீள்வதை. வரைபடத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்தப் பள்ளங்களைக் காட்டிவிட்டு ஓவியத்தைக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தொலைக்காட்சியும் வானியலும் கைகோத்துக்கொண்ட ஒரு நிகழ்வை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ‘ஸ்டார் ட்ரெக்’கில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரம் பிறந்த வல்கன் என்ற கோள் எந்த விண்மீனைச் சுற்றுகிறது என்று ரசிகர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் மூன்று வானியலாளர்களும் 1991 ஜூலையில் ஒரு வானியல் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். எப்சிலான் எரிடானி என்ற விண்மீனுக்கு வயது 100 கோடி ஆண்டுதான், அறிவுள்ள உயிர் தோன்ற அது போதாது, 40 எரிடானி என்ற இன்னொரு விண்மீனுக்கோ 400 கோடி ஆண்டு, ஆகவே வல்கன் இருப்பது அங்கேதான் என்றார்கள். கற்பனைக் கோளுக்கு விண்மீனின் வயதை வைத்து முகவரி கொடுத்தார்கள். 2018இல் அதே 40 எரிடானியைச் சுற்றி 42 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் இருப்பதாக நிஜமாகவே அறிவிப்பு வந்தது. செய்திகள் கொண்டாடின. 2024இல் இன்னும் கூர்மையான கருவியால் பார்த்தபோது, அது கோளே இல்லை, விண்மீன் தன்னைத்தானே சுற்றும்போது அதன் பரப்பின் கொந்தளிப்பு உண்டாக்கிய தோற்றம் என்று தெரிந்தது. முதல் செய்தி உலகெங்கும் ஓடியது, இரண்டாவதைக் கவனித்தவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

அவளோடு உட்கார்ந்து பாருங்கள். நடுநடுவே நிறுத்தி, “இது எடுத்த படமா, வரைந்த படமா?” என்று மட்டும் கேளுங்கள், விடை அவள் தேடட்டும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலையில் அவளை வெளியே கூட்டிப்போய்ப் பிறையைக் காட்டி, எந்தப் பக்கம் ஒளிர்கிறது, எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்காலம் வந்ததும் தொலைநோக்கி வைத்திருக்கும் யாரிடமாவது அழைத்துப்போய் ஓரியன் நெபுலாவைப் பார்க்க வையுங்கள். நிறம் தெரியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அந்தக் கேள்வியை அவளே கேட்கட்டும்.